வழித்துணை உறை

நுழையும்முன்

புதிய மின்கருவியின் அட்டைப்பெட்டியைத் திறந்தால், செருகியின் முட்களின்மேல் சிறியதொரு பிளாஸ்டிக் உறை இருப்பதைக் காணலாம். சிலர் அதனைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். வேறு சிலர் அது மின்னதிர்ச்சியிலிருந்து காக்கும் கவசம் என்று நம்பிப் போற்றி வைக்கின்றனர். அவ்வுறை எதற்காக இடப்படுகிறது? அதன் பணி எங்கே முடிகிறது? அது முடிந்தபின் வீட்டில் உள்ளோரைக் காப்பது எது? இவ்வினாக்களுக்கான விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

1. மலையேறும் பெட்டி

மாவரைக்கும் கிரைண்டருக்குப் பெயர்பெற்ற நகரம் கோயம்புத்தூர். அந்நகரின் கிரைண்டர், புவிசார் குறியீடு பெற்ற தமிழகப் பொருள்களுள் ஒன்று. அங்கு உருவாகும் கிரைண்டர்கள் வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டிற்கு வருகின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய எல்லையூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சமையலறைகளில் அவை இடம்பெறுகின்றன.

இடுக்கி மாவட்டத்திற்குச் செல்லும் பெட்டியின் வழி இன்னும் கடினமானது. அது தேனியைத் தாண்டிப் போடிநாயக்கனூரை அடைகிறது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பிப் போடிமெட்டுக்கு ஏறுகிறது. பின்னர்ப் பூப்பாறை வழியாகச் சென்று, மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் உள்ள லயங்களை அடைகிறது. குமுளிக்கும் வண்டிப்பெரியாருக்கும் செல்லும் பெட்டிகள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறுகின்றன.

இப்பயணத்தில் ஒரு பெட்டி பலமுறை தூக்கப்படுகிறது, பலமுறை இறக்கப்படுகிறது. தொழிற்சாலையிலிருந்து லாரிக்கும், லாரியிலிருந்து கிடங்கிற்கும், கிடங்கிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து ஆட்டோவிற்கோ ஜீப்பிற்கோ அது கைமாறுகிறது. அதன்மேல் வேறு பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. சாலை குலுங்கும்போது பெட்டியும் குலுங்குகிறது. பெட்டிக்குள் கனமான கருவி தெர்மாகோல் தாங்கலில் அசையாமல் இருக்கலாம். ஆனால், மின்வடத்தின் முனையில் உள்ள செருகி அவ்வாறு இருப்பதில்லை. அது ஆடும், உரசும், இடிக்கும். பிளாஸ்டிக் உறையின் தேவை இந்தப் பயணத்தில்தான் பிறக்கிறது.

2. செருகியின் அமைப்பு

மக்கள் பேச்சில் 'பிளக்' என்று வழங்கும் செருகிக்கு இந்தியத் தர அமைவனம் வகுத்துள்ள தரநிலையின் எண் ஐ.எஸ். 1293 ஆகும். வீடுகளில் இருவகைச் செருகிகள் பயன்படுகின்றன. மிக்சி, தேய்ப்புப் பெட்டி, தொலைக்காட்சி முதலியவற்றிற்கு 6 ஆம்பியர் செருகியும், குளிர்சாதனக் கருவி, நீர்சூடேற்றி போன்ற மிகுந்த மின்சாரம் கொள்ளும் கருவிகளுக்கு 16 ஆம்பியர் செருகியும் உரியவை.

உருண்டை முட்கள் மூன்று கொண்ட இவ்வடிவம் பிரித்தானியாவில் 1934ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பி.எஸ். 546 என்னும் தரநிலையின் வழிவந்தது. பிரித்தானியா பின்னாளில் தட்டையான முட்கள் கொண்ட வேறு வடிவத்திற்கு மாறிவிட்டது. இந்தியாவில் உருண்டை முட்களே நிலைபெற்றன.

6 ஆம்பியர் செருகியில் கீழுள்ள இரு முட்களும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிப்பும் 15 மில்லிமீட்டர் நீளமும் உடையவை. ஒன்று பேஸ், மற்றொன்று நியூட்ரல். மேலுள்ள மூன்றாவது முள் எர்த் எனப்படும். அதன் தடிப்பு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். நீளம் 20 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. இம்முட்கள் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதன்மேல் பல நிறுவனங்கள் மெல்லிய நிக்கல் பூச்சு இடுகின்றன. சில செருகிகளின் முள்முனையில் ஒரு பிளவு இருக்கும். முள் சற்றே அமுங்கி விரிந்து, பிளக் பாயிண்டின் உள்ளே இருக்கும் உலோகத் தகட்டை இறுகப் பற்றுவதற்கு அப்பிளவு உதவுகிறது.

செருகியின் உடல் தடித்த பிளாஸ்டிக்கால் ஆனது. ஆகவே, பயணத்தில் எளிதில் பழுதுறக்கூடிய பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முட்களே.

3. உறை ஆற்றும் பணிகள்

உறையின் வடிவம் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். சில உறைகள் மூன்று விரல் கொண்ட கையுறைபோல் ஒவ்வொரு முள்ளையும் தனித்தனியே மூடும். சில, சிறு கிண்ணம்போல் மூன்று முட்களையும் ஒருங்கே மூடும். வடிவம் எதுவாயினும் பணிகள் ஒன்றே. அவற்றை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, முட்களைக் காத்தல். மேலிருந்து ஒரு கனமான பெட்டி அழுத்தினாலோ, செருகி கருவிக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையே சிக்கினாலோ முள் வளையக்கூடும்; முள்முனையில் உள்ள பிளவு நசுங்கி மூடிக்கொள்ளவும் கூடும். உறை அவ்வழுத்தத்தைப் பரவலாக்கி முள்ளின் வடிவத்தைக் காக்கிறது.

இரண்டாவது, கருவியைக் காத்தல். பலர் எண்ணிப் பார்க்காத பணி இது. உலோக முள் கூர்மையற்றதாயினும் கடினமானது. அது மெருகேற்றிய எஃகுப் பாத்திரத்தின்மீதோ தொலைக்காட்சித் திரையின்மீதோ பலமணிநேரம் உரசினால் கீறல் விழும். புதுப்பொருளில் கீறலைக் கண்டால் வாங்கியவர் அதனைத் திருப்பிக் கொடுப்பார். ஆகவே, செருகியிடமிருந்து கருவியைக் காப்பதும் இவ்வுறையின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகிறது.

மூன்றாவது, பெட்டியையும் கையையும் காத்தல். மூடப்படாத முள் பாலித்தீன் பையைக் கிழிக்கலாம், அட்டையைத் துளைக்கலாம், தன் மின்வடத்தின் மேலுறையையே குத்திச் சிதைக்கலாம். பெட்டிக்குள் கைவிட்டுப் பொருளை எடுப்பவரின் விரலையும் அது பதம்பார்க்கலாம்.

நான்காவது, முட்களின் தூய்மையைக் காத்தல். பாலக்காட்டுக் கணவாயில் வறண்ட காற்றும் புழுதியும் மிகுதி. மூணாற்றிலோ மழையும் மூடுபனியும் மிகுதி. மழைக்காலத்தில் சுவரும் துணியும்கூட ஈரம் கோக்கும். ஈரமும் கைவியர்வையும் பட்ட பித்தளை நாளடைவில் மங்கும், களிம்பு ஏறும். உறை ஈரத்தை முற்றிலும் தடுப்பதில்லை. அது காற்றுப்புகாமல் அடைக்கப்பட்டதன்று. ஆயினும், கைபடுதலையும் தூசி படிதலையும் அது பெருமளவு குறைக்கிறது.

உறை இருந்தால் பொருள் புதியது என்றும், இல்லையேல் பழையது என்றும் சிலர் முடிவுசெய்வதுண்டு. அது முழு உண்மையன்று. கருவியை இயக்கிக் காட்டுவதற்காகக் கடைக்காரர் உறையைக் கழற்றியிருக்கலாம். வழியில் அது நழுவி விழுந்தும் இருக்கலாம். பொருள் புதியதா என்பதை அறிய, முட்களில் தேய்வோ கருகலோ உள்ளதா என்று பார்ப்பதும், விலைச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் சரிபார்ப்பதுமே தக்க வழிகள்.

4. சிறு வளைவு, பெரு வெப்பம்

ஒரு முள் சிறிதளவு வளைந்தால் என்ன நேரும்? இக்கேள்வி எளிதாகத் தோன்றினும் இதன் விடை தீ விபத்துவரை செல்லக்கூடியது.

செருகியின் முள்ளும் பிளக் பாயிண்டின் உள்தகடும் நன்கு தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றிடையே மின்தடை மிகக் குறைவு. முள் வளைந்தோ நசுங்கியோ களிம்பேறியோ இருந்தால், அவை ஓரிரு புள்ளிகளில் மட்டுமே தொடும். அங்கு மின்தடை கூடும். மின்தடை கூடும் இடத்தில் வெப்பம் பிறக்கும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 1000 வாட் தேய்ப்புப் பெட்டி, 230 வோல்ட் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பமாக மாறும் திறன் கிடைக்கும். 4.3ஐ 4.3ஆல் பெருக்கி, அதனை 0.5ஆல் பெருக்க, ஏறத்தாழ 9 வாட் கிடைக்கிறது. இது ஓர் எல்.இ.டி. விளக்கு கொள்ளும் அளவு. அவ்வளவு வெப்பமும் ஒரு பட்டாணி அளவேயான இடத்தில், காற்றோட்டமின்றிக் குவிகிறது. செருகியின் பிளாஸ்டிக் பழுப்பாகும், பின்னர் உருகும், கருகிய வாடை எழும். வெப்பத்தால் தகடு தன் விறைப்பை இழக்க, இணைப்பு இன்னும் தளரும். மேலும் வெப்பம் பிறக்கும்.

அன்றியும், வளைந்த முள்ளை வலிந்து திணித்தால் பிளக் பாயிண்டின் உள்தகடு அகன்றுவிடும். அதன்பின் நல்ல செருகியைச் செருகினாலும் இணைப்பு இறுகாது. ஒரு செருகியின் குறை இவ்வாறு சுவருக்கும் பரவுகிறது. அற்பமாகத் தோன்றும் ஒரு பிளாஸ்டிக் துண்டு பயணத்தின்போது தடுத்து நிறுத்துவது இத்தொடர்விளைவின் தொடக்கத்தையே.

தெரிந்து தெளிவோம்

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் மூணாற்றுக்கு அருகில் உள்ள பள்ளிவாசலில் அமைந்தது. முதிரப்புழை ஆற்றின் நீரைக்கொண்டு 1940ஆம் ஆண்டு அது இயங்கத் தொடங்கியது. குறவன், குறத்தி என்னும் இரு மலைகளுக்கிடையே வளைவாக எழுப்பப்பட்ட இடுக்கி அணையின் நீர், மூலமற்றத்தில் நிலத்தடியில் உள்ள மின்நிலையத்தை இயக்குகிறது. 1976இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தில் இன்று 130 மெகாவாட் திறனுள்ள 6 மின்னாக்கிகள் உள்ளன. மொத்தத் திறன் 780 மெகாவாட். மலையில் பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் நெடுந்தொலைவு சென்று, படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 230 வோல்ட்டாக வீட்டிற்குள் நுழைகிறது. அந்த நீண்ட வழியின் கடைசி இணைப்பு செருகியின் முட்களே.

5. உறை ஆற்றாத பணி

பிளாஸ்டிக் ஒரு மின்காப்புப் பொருள். அதன் வழியே மின்சாரம் எளிதில் பாயாது. இவ்வுண்மையை அறிந்தோர், 'முள்ளின்மேல் உள்ள உறை மின்னதிர்ச்சியைத் தடுக்கவே இடப்பட்டுள்ளது' என்று கருதுவது இயல்பே. ஆயினும் அக்கருத்து பொருந்தாது.

செருகி, பிளக் பாயிண்டிலிருந்து வெளியே இருக்கும்போது அதன் முட்களுக்குச் சுவரிலிருந்து மின்சாரம் வருவதில்லை. அப்போதுதான் உறை முட்களின்மேல் இருக்கிறது. செருகி, பிளக் பாயிண்டின் உள்ளே சென்றபின்னரே மின்சாரம் வருகிறது. உள்ளே செல்ல வேண்டுமாயின் உறையைக் கழற்றியாக வேண்டும். சுருங்கக் கூறின், உறை இருக்கும்போது மின்சாரம் இல்லை. மின்சாரம் இருக்கும்போது உறை இல்லை. ஒன்றையொன்று சந்திக்காத இரண்டில் ஒன்று மற்றொன்றிலிருந்து எவரையும் காக்க இயலாது.

எனவே, உறை ஒரு வழித்துணை. வழித்துணையாக வருபவர் வீட்டு வாயில்வரை வந்து விடைபெறுவார். வீட்டைக் காவல் காக்க அவர் தங்குவதில்லை. உறையின் இயல்பும் அத்தகையதே.

உறையோடு செருகியைத் திணிக்க முயல்வதும் தவறு. உறையால் முள்ளின் தடிப்பு கூடிவிடுவதால் அது துளையில் நுழையாது. வலிந்து அழுத்தினால் உறை கிழிந்து, அதன் துணுக்கு துளைக்குள் சிக்கலாம். அத்துணுக்கை ஊசியாலோ கம்பியாலோ எடுக்க முற்படுவது உயிருக்கே ஆபத்தாகும். மெயின் சுவிட்சை நிறுத்தியபின் மின்பணியாளரே அதனை அகற்ற வேண்டும்.

6. கழற்றக் கூடாத உறை

கழற்ற வேண்டிய உறையோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறோர் உறையும் உண்டு. கைப்பேசி மின்னேற்றியின் இரு முட்களை உற்று நோக்கினால், முள்ளின் அடிப்பகுதியில் கறுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் ஒட்டியிருப்பதைக் காணலாம். முனைப்பகுதி மட்டும் உலோகமாகப் பளபளக்கும். சில மூன்று முள் செருகிகளிலும் இத்தகைய அமைப்பு உள்ளது. இது பயணத்திற்காக இடப்பட்டதன்று. முள்ளோடு சேர்த்தே உருவாக்கப்பட்ட நிலையான காப்பு.

செருகியைப் பாதியளவு இழுத்த நிலையை எண்ணிப் பார்க்கலாம். முள்ளின் முனை இன்னும் உள்தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே, முள் முழுவதிலும் மின்சாரம் இருக்கும். முள்ளின் அடிப்பகுதியோ வெளியே தெரியும். அவ்விடைவெளியில் ஒரு குழந்தையின் மெல்லிய விரல் நுழைந்தால் மின்னதிர்ச்சி நேரும். கறுப்பு வளையம் வெளியே தெரியும் அப்பகுதியை மூடி விரலைக் காக்கிறது. பிரித்தானியாவில் இத்தகைய காப்பு 1984ஆம் ஆண்டு முதல் செருகிகளில் கட்டாயமாக்கப்பட்டது.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எளிது. இழுத்தவுடன் கழன்று வருவதும், முள்ளின் முனைவரை மூடியிருப்பதும் பயண உறை. இழுத்தாலும் கழலாததும், அடிப்பகுதியை மட்டும் சூழ்ந்திருப்பதும் நிலையான காப்பு. முன்னதைக் கழற்றியே ஆக வேண்டும். பின்னதைக் கத்தியால் சுரண்டுவதோ வெட்டுவதோ கூடவே கூடாது.

7. வீட்டைக் காப்பவை

வழித்துணை விடைபெற்றபின் வீட்டைக் காப்பவை சில உள்ளன. மேலே கூறிய நிலையான காப்பு அவற்றுள் ஒன்று. பிற பின்வருமாறு:

எர்த் முள்: இது மற்ற முட்களைவிட நீளமானது. ஆகவே, செருகும்போது முதலில் இணைகிறது. பிடுங்கும்போது இறுதியில் பிரிகிறது. கருவியின் உலோக உடலில் தவறுதலாக மின்சாரம் பாய்ந்தால், அது எர்த் வழியே நிலத்திற்குச் செல்லும். அப்போது மின்னோட்டம் மிகுந்து ஃபியூஸ் உருகும் அல்லது எம்.சி.பி. விழும். எர்த் முள்ளை ஒடித்துவிட்டு இரு துளைப் பலகையில் செருகும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஈரக்கையோடும் ஈரத்தரையில் நின்றும் பயன்படுத்தும் கிரைண்டரின் எர்த் முள்ளை ஒடிப்பது, வீட்டின் காவலனைத் தானே விரட்டுவதற்கு ஒப்பாகும். கைப்பேசி மின்னேற்றி போன்ற சில கருவிகளுக்கு எர்த் முள் இல்லையே என்று வினவலாம். அவை இரட்டை மின்காப்பு உடையவை. சதுரத்திற்குள் ஒரு சதுரம் என்னும் குறியீடு அவற்றின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அக்குறியீடு இல்லாத, மூன்று முள்ளோடு வரும் கருவிக்கு எர்த் இன்றியமையாதது.

மூடுதகடு: புதிய பிளக் பாயிண்டுகள் பலவற்றில் கீழுள்ள இரு துளைகளையும் ஒரு பிளாஸ்டிக் தகடு உள்ளிருந்து மறைத்திருக்கும். நீளமான எர்த் முள் முதலில் நுழைந்து அத்தகட்டை விலக்கிய பின்னரே மற்ற முட்கள் நுழைய இயலும். குழந்தை ஒரு கம்பியையோ ஊக்கையோ நுழைக்காமல் தடுப்பதற்கான ஏற்பாடு இது. இரு முள் செருகியை நுழைப்பதற்காக மேல்துளையில் பேனாவையோ திருப்புளியையோ திணித்து இத்தகட்டை விலக்கும் பழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. அதைக் காணும் குழந்தை அச்செயலையே திரும்பச் செய்யும் என்பதை மறத்தல் ஆகாது.

மின்கசிவுத் துண்டிப்பான்: கேரளத்தில் மின்பணியாளர்கள் இதனை 'இ.எல்.சி.பி.' என்று கூறுவர். வீடுகளில் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவினது பொருத்தப்படும். கசியும் மின்னோட்டம் அவ்வளவை எட்டினால் அது நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிக்கும். மழை மிகுந்த மலையூர்களில் இதன் தேவை மிகுதி. அதன்மேல் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, அது இயங்குகிறதா என்று பெரியவர்கள் பார்த்தல் வேண்டும்.

இவற்றோடு, செருகியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று வாங்கும்போதே பார்ப்பதும், செருகி சூடேறினாலோ நிறம் மாறினாலோ பயன்பாட்டை உடனே நிறுத்துவதும், இடிமழை தொடங்கும்முன் செருகிகளைப் பிடுங்கிவிடுவதும் நல்ல பழக்கங்கள்.

8. கழற்றிய பின்

கழற்றிய உறையைத் தரையில் விட்டுவிடுதல் தவறு. தவழும் குழந்தை கையில் கிடைப்பதை வாயில் இடும். விரலளவேயான பிளாஸ்டிக் துண்டு தொண்டையில் சிக்கினால் மூச்சடைக்கும். கழற்றியவுடன் அதனைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

அதனை எரித்தலும் கூடாது. இவ்வுறைகளுள் சில பி.வி.சி.யால் ஆனவை. பி.வி.சி. எரியும்போது கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கும் நச்சு வாயு வெளிப்படும். கேரளத்தில் வீடுதோறும் வந்து பிளாஸ்டிக் கழிவுகளைப் பெற்றுச்செல்லும் ஹரித கர்ம சேனையிடம் இதனைக் கழுவி உலர்த்தி ஒப்படைக்கலாம்.

அடிக்கடி வீடு மாறும் குடும்பத்தார் உறையை எறியாமல், பெட்டியோடு சேர்த்துப் பரண்மேல் வைத்துக்கொள்ளலாம். பணிமாற்றத்தாலோ தோட்டம் மாறுவதாலோ ஊர் பெயரும் நாளில் கருவி மீண்டும் பயணப்படும். அன்று வழித்துணைக்கு மீண்டும் வேலை உண்டு. உறை தொலைந்துவிட்டால், தடித்த துணியால் முட்களைச் சுற்றிக் கட்டினாலும் போதும்.

9. படித்தறியும் கடமை

புதுக் கருவியோடு ஒரு கையேடும் வருகிறது. உறையை எப்போது கழற்ற வேண்டும், எவ்வகைப் பிளக் பாயிண்டில் செருக வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அமைகிறது. தேயிலைத் தோட்டத்திலும் ஏலத்தோட்டத்திலும் கட்டட வேலையிலும் பகல் முழுதும் உழைத்துத் திரும்பும் பெற்றோருக்கு அதனைப் படிக்க நேரமும் வாய்ப்பும் குறைவு. கையேடு படிக்கப்படாமலே பெட்டிக்குள் திரும்பிச் சென்றுவிடுகிறது.

பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கற்று, தெருவில் மலையாளம் பேசி, வீட்டில் தமிழ் பேசும் மாணவர் அவ்வீட்டின் மொழிபெயர்ப்பாளர் ஆகலாம். கையேட்டின் எச்சரிக்கைப் பக்கத்தைப் படித்து, அதன் பொருளைத் தாய்க்கும் பாட்டிக்கும் தெளிந்த தமிழில் எடுத்துரைக்கலாம். செருகும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். படித்துச் சொல்லும் வேலையை இளையோர் ஏற்கலாம். ஓர் எச்சரிக்கையை உரிய நேரத்தில் உரிய மொழியில் கூறுவது உயிரைக் காக்கும் செயலாகும். கற்ற மொழி அங்கே காவலாக நிற்கிறது.

சொற்பொருள்

வழித்துணை – பயணத்தில் உடன்வரும் துணை
தடிப்பு – பருமன்
மின்கடத்தி – மின்சாரத்தைத் தன் வழியே செல்லவிடும் பொருள்
மின்காப்பு – மின்சாரம் பாயாமல் தடுக்கும் தன்மை
களிம்பு – செம்பு, பித்தளை ஆகியவற்றின்மேல் படரும் பச்சை நிறப் படிவு
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்
பரண் – பொருள்களை வைக்கக் கூரைக்குக் கீழ் அமைத்த தட்டு

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பித்தளை என்பது செம்பும் ________ கலந்த உலோகம்.
2. இந்தியச் செருகிகளுக்கான தரநிலை எண் ________.
3. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அமைந்த இடம் ________.
4. செருகியைப் பிடுங்கும்போது இறுதியில் பிரிவது ________ முள்.

ஆ. சரியா, தவறா எனக் குறிப்பிட்டுக் காரணம் எழுதுக.
1. பயண உறை மின்னதிர்ச்சியிலிருந்து காக்கிறது.
2. மின்னேற்றி முள்ளின் அடியில் உள்ள கறுப்பு வளையத்தைச் சுரண்டி எடுக்கலாம்.
3. உறை இல்லாத செருகி கட்டாயமாகப் பழையதே.

இ. பிரித்து எழுதுக.
அட்டைப்பெட்டி, வழித்துணை, எல்லையூர், அவ்வுறை

ஈ. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக.
1. அந்தக் கவரக் கழட்டிட்டு பிளக்கச் சொருகுங்க.
2. ஈரக்கையோட சுவிட்சத் தொடாத.
3. பாப்பா வாயில போட்டுக்கும், எடுத்து மேல வை.

உ. குறுவினா
1. பயண உறை செய்யப்படும் இரு வடிவங்கள் யாவை?
2. எர்த் முள் ஏன் நீளமாக அமைக்கப்பட்டுள்ளது?
3. சதுரத்திற்குள் சதுரம் என்னும் குறியீடு எதனை உணர்த்துகிறது?

ஊ. சிறுவினா
1. உறை ஆற்றும் நான்கு பணிகளைத் தொகுத்து எழுதுக.
2. 'உறை இருக்கும்போது மின்சாரம் இல்லை. மின்சாரம் இருக்கும்போது உறை இல்லை' – விளக்குக.
3. வளைந்த முள்ளால் வெப்பம் பிறப்பது எவ்வாறு?

எ. நெடுவினா
பயண உறைக்கும் நிலையான காப்புக்கும் உள்ள வேறுபாடுகளை எடுத்துக்காட்டுகளுடன் விரித்துரைக்க.

ஏ. இரு மொழிச் சொற்கள்
மின்னல், இடி ஆகிய சொற்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றாகவே வழங்குகின்றன. மழை, மலையாளத்தில் 'மழ' ஆகிறது. மின்சாரத்தை மலையாளத்தில் 'வைத்யுதி' என்பர். இவ்வாறு வீட்டுப் பொருள்களைக் குறிக்கும் சொற்களுள் இரு மொழிகளிலும் ஒத்தவை ஐந்தும், வேறுபட்டவை ஐந்தும் தொகுத்து எழுதுக.

கற்பவை கற்றபின்

வீட்டில் உள்ள மின்கருவிகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் செருகியிலும் முட்கள் எத்தனை, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா, நிறமாற்றம் உள்ளதா என்பவற்றைப் பெரியவர் ஒருவரின் துணையுடன், கையால் தொடாமல் பார்த்து அட்டவணைப்படுத்துக. ஏதேனும் ஒரு கருவியின் கையேட்டிலுள்ள ஐந்து எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதி வீட்டாருக்குப் படித்துக் காட்டுக.